சுழலும் சொற்பலகை: எங்கள் விக்கிக்குப் பாணித்தாள் எழுதிய பதிவு

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் இருக்கும் எங்கள் வாசிகசாலையில் ஒரு விக்கி இயங்குகிறது. பழைய மேசைக்கணினி ஒன்றில் மீடியாவிக்கி மென்பொருளை நிறுவியிருக்கிறோம். வெளி இணைய இணைப்பு அதற்குத் தேவையில்லை. கட்டடத்துக்குள் இருக்கும் வைஃபை போதும். மாணவர்களும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து தோட்டத்துச் சொற்களை அதில் பதிகிறார்கள். பெரட்டு, மடுவம், கவ்வாத்து, பீலி, காம்பரா, பிள்ளைக்காம்பரா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம். அந்தச் சொல்லை யார் சொன்னார், எந்தத் தோட்டத்தில் கேட்டது என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்கும்.

வாசிகசாலைச் சுவரில் உள்ள தொலைக்காட்சித் திரையில் விக்கியின் முதற்பக்கம் நாள் முழுவதும் திறந்திருக்கும். அதன் உச்சியில் இந்தச் சொற்கள் விளக்கத்தோடு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைய வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். வேலையை ஏற்றபோது இரண்டு நிபந்தனைகளை வகுத்துக்கொண்டேன். சொல் சேர்ப்பவர் பாணித்தாளை, அதாவது பக்கத்தின் தோற்றத்துக்கான விதிகளைச் சிஎஸ்எஸ் மொழியில் எழுதிய தாளை, தொட வேண்டிய தேவை வரக்கூடாது. பத்தாம் தரத்தில் படிக்கும் மாணவி பட்டியலில் எழுதிச் சேமித்தால் சொல் பலகைக்கு வந்துவிட வேண்டும். அடுத்தது, பலகை வாசிப்பவருக்கு அடங்கியதாக இருக்க வேண்டும். நிறுத்த நினைப்பவரால் நிறுத்த முடிய வேண்டும். அசைவு வேண்டாதவருக்கு அசையாமலேயே எல்லாச் சொற்களும் தெரிய வேண்டும். மற்ற முடிவுகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே பிறந்தன.

எங்கே எழுதுவது

மீடியாவிக்கியில் ஒரு பக்கத்தின் தோற்றத்தை மாற்ற மூன்று வழிகள் இருக்கின்றன. டிவ், ஸ்பான் போன்ற குறிகளுக்குள்ளேயே ஸ்டைல் என்ற பண்பைக் கொடுப்பது முதல் வழி. நிறத்துக்கும் ஓரத்துக்கும் அது போதும், அசைவுக்குப் போதாது. அசைவின் கட்டங்களைச் சொல்லும் கீஃபிரேம்ஸ் விதியை ஒரு குறிக்குள் எழுத சிஎஸ்எஸ் மொழியே இடம் தருவதில்லை. ஸ்டைல் என்ற தனிக் குறியைப் பக்கத்தில் எழுதினால் மீடியாவிக்கி அதை ஏற்காமல் வெறும் எழுத்தாகக் காட்டிவிடும். பழைய வலைப்பக்கங்களில் எழுத்தை ஓடவிட்ட மார்க்யூ குறிக்கும் அதே நிலைதான். இந்தக் கண்டிப்பை நான் வரவேற்கிறேன். பலரும் திருத்தக்கூடிய தளத்தில், பக்கம் முழுவதையும் மூடிமறைக்கும் பாணியை எவரும் எழுதலாம் என்றால் தளம் நிலைக்காது.

இரண்டாவது வழி, தள அமைப்புப் பக்கங்கள் இருக்கும் மீடியாவிக்கி பெயர்வெளியில் உள்ள காமன் சிஎஸ்எஸ் பக்கம். அங்கே எழுதுவது தளம் முழுவதற்கும் பொருந்தும். அதைத் திருத்தும் உரிமை 2018ஆம் ஆண்டில் சாதாரண நிர்வாகிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு, இடைமுக நிர்வாகிகள் என்ற தனிக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. புகுபதிகைப் பக்கத்திலும் விருப்பத்தேர்வுகள் பக்கத்திலும் இந்தப் பாணித்தாள் இயல்பாக ஏற்றப்படுவதில்லை. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் தோற்றத்தை மாற்றி யாரும் ஏமாற்றக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. காமன் சிஎஸ்எஸ் பக்கத்தில் நான் எழுதியது மிகக் குறைவு: நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, கொஞ்சம் தாராளமான வரி உயரம். அங்கே ஒரு மாற்றம் செய்தால் உடனே தெரியவில்லை என்று பதற வேண்டாம். பாணிகளைக் கட்டி அனுப்பும் ரிசோர்ஸ்லோடர் தன் பட்டியலை ஐந்து நிமிடம் வரை தற்காலிகச் சேமிப்பில் வைத்திருக்கும்.

மூன்றாவது வழி, மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் டெம்ப்ளேட்ஸ்டைல்ஸ் என்ற நீட்சி. பலகைக்கு நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். வார்ப்புரு என்பது வேறு பக்கங்களுக்குள் அப்படியே சேர்க்கக்கூடிய ஒரு பக்கம். அதன் துணைப்பக்கமாகப் பாணித்தாளை எழுதிவைக்கலாம். துணைப்பக்கத்தின் பெயர் ஒரு புள்ளியிலும், அதையடுத்து சிஎஸ்எஸ் என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலும் முடிந்தால், அந்தப் பக்கத்தைத் தூய்மைப்படுத்தப்பட்ட பாணித்தாளாக மென்பொருள் தானாகவே அடையாளம் காண்கிறது. வார்ப்புருவில் ஒரு சிறிய குறியை இட்டு அந்தத் துணைப்பக்கத்தைச் சுட்டிவிட்டால் வேலை முடிந்தது. வார்ப்புரு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும் பாணி வரும். ஒரே பக்கத்தில் வார்ப்புருவைப் பலமுறை பயன்படுத்தினாலும் பாணி ஒரு தடவைதான் சேர்க்கப்படும்.

இந்த நீட்சியிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அதன் எல்லைக்கோடு. ஒரு விதி எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்று காட்டும் பகுதிக்குத் தெரிவி என்று பெயர். நாம் எழுதும் தெரிவி ஒவ்வொன்றுக்கும் முன்னால், பக்க உள்ளடக்கத்தைச் சுற்றியிருக்கும் பெட்டியின் வகுப்புப் பெயரை, அதாவது பாணி விதிகள் அதைக் கண்டுகொள்ளும் அடையாளப் பெயரை, தானாக ஒட்டிவிடுகிறது. பக்கப்பட்டியையோ தேடல் பெட்டியையோ வார்ப்புருவின் பாணித்தாளால் தொட முடியாது. தெரியாத பண்பு, அனுமதிக்கப்படாத வெளி முகவரி ஏதாவது இருந்தால், எந்த வரியில் எத்தனையாவது எழுத்தில் என்று சொல்லிச் சேமிக்க மறுக்கிறது. கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு அந்தப் பிழைச்செய்தியே நல்ல ஆசிரியர்.

ஒன்றில் மட்டும் எல்லைக்கோடு இல்லை. கீஃபிரேம்ஸ் விதிக்கு வைக்கும் பெயருக்கு முன்னொட்டு எதுவும் சேர்க்கப்படுவதில்லை; அது பக்கம் முழுவதற்கும் பொதுவானது. இரண்டு வார்ப்புருக்கள் ஒரே பெயரை வைத்தால் பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். ஆகவே வார்ப்புருவின் பெயரையே அசைவின் பெயரிலும் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

வகுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர்

சிஎஸ்எஸ் மொழியில் வகுப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. யூனிகோட் எழுத்துகளை அது ஏற்கிறது. வெளிப்பெட்டிக்குச் சொற்பலகை என்றும் உள்ளே வரும் ஒவ்வொரு துண்டுக்கும் பலகைவரி என்றும் பெயர் வைத்தேன். பாணித்தாளைத் திறந்து பார்க்கும் மாணவருக்கு எந்த விதி எதைப் பற்றிப் பேசுகிறது என்று அப்போதே புரிகிறது.

தமிழ்ப் பெயரில் ஒரு நுணுக்கம் உண்டு. சொற்பலகை என்பதில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்த உயிர்க்குறியைக் கணினியில் இரண்டு விதமாகப் பதியலாம்: ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உலாவிக்கு வேறு வேறு. தெரிவிகளை ஒப்பிடும்போது அது எழுத்துகளை இயல்பாக்கிப் பார்ப்பதில்லை. மீடியாவிக்கி தனக்கு வரும் எழுத்தையெல்லாம் சேமிக்கும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவதால் விக்கிக்குள் இந்தச் சிக்கல் எழுவதில்லை. இதே பாணித்தாளைத் தனி எச்டிஎம்எல் கோப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கு வந்த சொற்பட்டியல்களில் சில பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. இலங்கையில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த எழுத்துரு அது. யூனிகோட் அல்லாததால் விக்கியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் வாசித்துச் சரிபார்த்த பிறகே சேர்த்தோம்.

ஆறு இருக்கைகள்

வார்ப்புருவின் கட்டமைப்பு எளிமையானது. ஒரு வெளிப்பெட்டி, அதற்குள் ஆறு பலகைவரிகள். ஒவ்வொரு வரியிலும் தடித்த எழுத்தில் சொல், அதன் பக்கத்துக்கு இணைப்பு, கீழே ஒரு வாக்கிய விளக்கம். “மடுவம்: பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை” என்ற அளவு. “கவ்வாத்து: தேயிலைச் செடி மறுபடி தழைப்பதற்காகக் கிளைகளை வெட்டிவிடுவது” என்ற அளவு வரை போகலாம்.

பாணித்தாளைச் சேர்க்கும் குறியை வெளிப்பெட்டிக்கு வெளியே, அதற்கு முன்னால் வைக்க வேண்டும். காரணம் இருக்கிறது. அந்தக் குறி பக்கம் உருவாகும்போது ஸ்டைல் என்ற உறுப்பாக மாறுகிறது. அது பெட்டிக்குள் இருந்தால் முதல் பிள்ளையாக எண்ணப்படும்; இரண்டாவது பிள்ளைக்கு இவ்வளவு தாமதம், மூன்றாவதற்கு இவ்வளவு என்று எழுதும் விதிகள் அத்தனையும் ஓர் இடம் தள்ளிப்போகும். பலகைவரிகளுக்கு இடையே வெற்று வரி விடுவதும் கூடாது. விக்கி அதைப் பத்தியாக மாற்றினால் அந்தப் பத்தியும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும்.

ஆறு வரிகளும் ஒரே இடத்தில் தோன்ற வேண்டும். இதற்குப் பலரும் அப்சொலூட் என்ற இடக்குறிப்பைப் பயன்படுத்துவார்கள். அப்படிச் செய்தால் வெளிப்பெட்டிக்கு உயரம் இல்லாமல் போகும். உயரத்தை நாமே எண்ணாகக் கொடுக்க வேண்டும். தொலைக்காட்சியில் ஒரு வரியில் அடங்கும் விளக்கம் கைத்தொலைபேசியில் மூன்று வரியாக மடியும்போது அந்த எண் பொய்த்துவிடும். அதைவிட நல்ல வழி, இடத்தை நிரைகளாகவும் நிரல்களாகவும் பிரிக்கும் கிரிட். வெளிப்பெட்டியைக் கிரிட் என்று அறிவித்து, ஆறு வரிகளையும் முதல் நிரை, முதல் நிரல் என்ற ஒரே அறையில் அமர்த்தினேன். மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த சீட்டுகள் போல அவை அடுக்கப்படுகின்றன. மிக நீளமான வரி எவ்வளவு உயரம் கேட்கிறதோ அந்த உயரத்தைப் பெட்டி தானே எடுத்துக்கொள்கிறது. சொல் மாறும்போது கீழே உள்ள பக்கம் ஏறி இறங்குவதில்லை. திரையில் வேறு எதையோ வாசித்துக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

அசைவின் கணக்கு

ஒரு சொல்லுக்கு எட்டு வினாடி. ஆறு சொற்களுக்கு 48 வினாடி. இதுதான் ஒரு சுற்று.

எட்டு வினாடி என்பது வாசித்துப் பார்த்து முடிவானது. குறைந்த நேரம் வைத்துச் சோதித்தபோது எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியை திரையைப் பார்த்தபடி, “தம்பி, சொல்லை வாசித்துவிடுகிறேன், விளக்கத்துக்குப் போகும்போது அது போய்விடுகிறது” என்றார். பட்டியலில் இருப்பதிலேயே நீளமான பதிவை அவர் இருமுறை நிதானமாக வாய்விட்டு வாசிக்கும் நேரத்தை அளவாக எடுத்துக்கொண்டோம். வேகமாக வாசிப்பவர் கொஞ்சம் காத்திருக்கலாம். மெதுவாக வாசிப்பவரை விட்டுவிட்டுப் போகும் பலகை எங்களுக்குத் தேவையில்லை.

நூறு விழுக்காட்டை ஆறால் வகுத்தால் 16.66. ஒவ்வொரு வரியும் சுற்றின் முதல் 16.66 விழுக்காட்டில் மட்டும் தெரிந்து, மீதி நேரம் மறைந்திருக்க வேண்டும். ஒரு வரி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் பண்பு ஒபாசிட்டி; பூச்சியம் என்றால் மறைவு, ஒன்று என்றால் முழுத் தெரிவு. கீஃபிரேம்ஸ் விதியை இப்படி எழுதினேன்: பூச்சியத்தில் ஒபாசிட்டி பூச்சியம், 1.5 விழுக்காட்டில் ஒன்று, 15.2 வரை ஒன்றாகவே, 16.66இல் மறுபடி பூச்சியம், பிறகு நூறு வரை பூச்சியம். தோன்றுவதற்கும் மறைவதற்கும் முக்கால் வினாடி அளவு செல்கிறது.

எல்லா வரிகளும் இதே விதியைப் பின்பற்றும். தொடங்கும் நேரம் மட்டும் மாறும். வழக்கமாக இரண்டாவது வரிக்கு எட்டு வினாடித் தாமதம், மூன்றாவதற்குப் பதினாறு என்று கொடுப்பார்கள். அதில் ஒரு குறை இருக்கிறது. தாமதம் முடியும் வரை அந்த வரிக்கு அசைவின் விதி பொருந்தாது. அது இயல்பான தோற்றத்தில் நிற்கும். அப்போது ஆறு வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று அச்சடித்ததுபோல் தெரியாமல் இருக்க, இயல்பிலேயே மறைத்துவைக்க வேண்டியிருக்கும். இயல்பில் மறைந்திருக்கும் எழுத்து, அசைவு இயங்காத இடத்தில் எப்போதும் மறைந்தே இருக்கும். சொற்களைக் காட்டுவதற்காகச் செய்யும் பலகையில் அது நடக்கக் கூடாது.

தீர்வு எதிர்மறைத் தாமதம். முதல் வரிக்குப் பூச்சியம், இரண்டாவதற்கு மைனஸ் 40 வினாடி, மூன்றாவதற்கு மைனஸ் 32, அடுத்து மைனஸ் 24, மைனஸ் 16, கடைசி வரிக்கு மைனஸ் 8. மைனஸ் 40 என்றால், அந்த வரியின் அசைவு 40 வினாடிக்கு முன்பே தொடங்கிவிட்டதாக உலாவி எடுத்துக்கொள்கிறது. பக்கம் திறந்த எட்டாவது வினாடியில் அதன் 48 வினாடிச் சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும். சரியாக அதன் முறை. எல்லா வரிகளும் திறந்த கணத்திலேயே அசைவின் ஆட்சிக்குள் இருப்பதால் இயல்பில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பாணித்தாள் ஏற்றப்படாவிட்டாலும் ஆறு சொற்களும் சாதாரணப் பட்டியலாகத் தெரியும்.

இந்த எண்களைச் சிஎஸ்எஸ் மாறியில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள விரும்பினேன். எங்கள் நீட்சியின் பதிப்பு தனிப்பயன் மாறிகளை ஏற்கவில்லை. ஆறு தாமதங்களையும் தனித்தனியே எழுதி, மேலே ஒரு குறிப்பில் கணக்கை விளக்கியிருக்கிறேன்.

எல்லா இணைப்பும் ஒரே பக்கத்துக்கு

ஒபாசிட்டியை மட்டும் மாற்றினால் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். சொல்லின் மீது சொடுக்கிப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். திரையில் பெரட்டு என்று இருக்கும். சொடுக்கினால் ஆறாவது வரியின் பக்கம் திறக்கும். ஒபாசிட்டி பூச்சியமான உறுப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தன் இடத்தில்தான் இருக்கிறது. ஆறு வரிகளில் கடைசியாக எழுதப்பட்டது எல்லாவற்றுக்கும் மேலே கிடந்து, வரும் சொடுக்குகளை எல்லாம் வாங்கிக்கொள்கிறது. தாவல் விசையால் நகர்கிறவருக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளில் கவனம் போய் நிற்கும்.

ஒபாசிட்டியோடு விசிபிலிட்டி என்ற பண்பையும் அதே கட்டங்களில் சேர்க்க வேண்டும். ஒபாசிட்டி பூச்சியமாகும் கட்டத்தில் மறை, ஒன்றாகும் கட்டத்தில் காட்டு. விசிபிலிட்டிக்கு இடைநிலை கிடையாது. ஆனாலும் அசைவில் அது நமக்கு உதவும் வகையிலேயே நடந்துகொள்கிறது. மறைவுக்கும் தெரிவுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் தெரியும் நிலையிலேயே வைத்திருக்கும். அதனால் மெல்லத் தோன்றுவதும் மெல்ல மறைவதும் கெடுவதில்லை. மறைந்த வரி சொடுக்கை வாங்காது, தாவல் விசைக்கும் அகப்படாது. இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்களில் வெறும் எழுத்து மட்டுமே சுழல்வதால் இந்த வரி இருப்பதில்லை. இணைப்புள்ள சொற்களைச் சுழலவிடுகிறவர்கள் இதை விடக்கூடாது.

தட்டச்சு விளைவு ஏன் வேண்டாம்

உயர்தரம் படிக்கும் மாணவர் ஒருவர், “அண்ணா, எழுத்து ஒவ்வொன்றாக விழுகிற மாதிரிச் செய்யலாமே” என்று கேட்டார். செய்து காட்டினேன். பெட்டியின் அகலத்தைப் பூச்சியத்திலிருந்து படிப்படியாகக் கூட்டி, வெளியே நிற்கும் எழுத்தை வெட்டிவிடுவதுதான் அந்த உத்தி. ஆங்கிலத்தில், அதுவும் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில், ஒரு படிக்கு ஓர் எழுத்து என்று சரியாக வரும். தமிழில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுகிறது. ஞௌ எங்கே, ர எங்கே! வெட்டு எழுத்தின் நடுவில் விழுகிறது. கொழுந்து என்ற சொல்லில் முதலில் வெறும் கொம்பு தனியாக நிற்கும், பிறகு ககரம் வரும், அதன் பிறகு கால் வரும். வாய் முதலில் உச்சரிக்கும் மெய்யைக் கண் இரண்டாவதாகக் காண்கிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் சிறு பிள்ளைகள் அமரும் அறையில் அப்படிக் காட்ட எனக்கு மனமில்லை. மாணவரும் கொழுந்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார்.

வரிகள் கீழிருந்து மேலே உருளும் அமைப்பையும் பரிசீலித்தோம். அதற்கு நிலையான உயரமும் வழிந்ததை வெட்டும் விதியும் தேவை. தமிழ் எழுத்து வரிக்கோட்டுக்குக் கீழேயும் நன்றாக இறங்கும். கூ, மூ, ழு, ஞ போன்றவற்றின் அடிச்சுழி நெருக்கமான வரி உயரத்தில் வெட்டுப்பட்டுப் போகிறது. வரி உயரத்தை 1.7 என்று வைத்தால் பிழைக்கிறது. ஆனால் கைத்தொலைபேசியில் வரி மடியும்போது நிலையான உயரம் மறுபடியும் பிரச்சினை. மெல்லத் தோன்றி மெல்ல மறைவதே தமிழுக்குத் தீங்கில்லாதது. பழைய கணினிக்கும் அது எளிது. ஒபாசிட்டி மாறும்போது உலாவி பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்கிட வேண்டியதில்லை.

நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும்

தானாகத் தொடங்கி, ஐந்து வினாடிக்கு மேல் நீடித்து, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தெரியும் எந்த அசைவையும் இடைநிறுத்தவோ நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்று வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி சொல்கிறது. 2008இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே 2.2.2 என்ற எண்ணில் இந்த விதி இருக்கிறது. எங்கள் பலகை முடிவில்லாமல் சுழல்வது. இந்த விதி அதற்கு முழுமையாகப் பொருந்தும்.

சுட்டியைப் பலகையின் மீது வைத்தால் எல்லா வரிகளின் அசைவும் இடைநிற்கும்படி ஒரு விதி. கவனம் பலகைக்கு வந்தாலும் அப்படியே. டிவ் இயல்பாகக் கவனத்தை வாங்காது; வெளிப்பெட்டிக்குத் தாவல் வரிசை எண்ணாகப் பூச்சியத்தைக் கொடுத்தேன். மீடியாவிக்கி அந்தப் பண்பில் பூச்சியத்தை மட்டுமே ஏற்கும், வேறு எண்ணைத் தூக்கிவிடும். நமக்குத் தேவையானதும் பூச்சியம்தான். இதனால் ஆண்ட்ராய்ட் கைத்தொலைபேசியில் பலகையைத் தொட்டால் நிற்கிறது, வெளியே தொட்டால் ஓடுகிறது. ஆறு வரிகளும் ஒரே கணத்தில் நின்று ஒரே கணத்தில் தொடங்குவதால் வரிசை குலைவதில்லை.

அசைவே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் அசைவுகளைக் குறைக்கும் அமைப்பு உண்டு. சிலருக்கு அசையும் திரை தலைச்சுற்றலையே கொடுக்கும். உலாவி அந்த விருப்பத்தைப் பாணித்தாளுக்குத் தெரிவிக்கிறது. குரோமில் 2019இல் வெளியான 74ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு. பலரும் முதலில் அசைவை எழுதிவிட்டு, விருப்பமில்லாதவருக்கு அதை நீக்கும் விதியைப் பிறகு சேர்ப்பார்கள். நான் தலைகீழாக எழுதினேன். இயல்பு நிலை ஆறு சொற்கள் கொண்ட சாதாரணப் பட்டியல். திரையில் பார்க்கிறார், அசைவைக் குறைக்கச் சொல்லவில்லை என்ற இரண்டும் பொருந்தினால் மட்டும் கிரிட்டும் அசைவும் வருகின்றன. இந்த நிபந்தனையைப் புரிந்துகொள்ளாத பழைய உலாவிகளில் பட்டியல் கிடைக்கும். அச்சிடும்போதும் பட்டியல்தான் வரும். அச்சுக்கென்று தனி விதி எதுவும் எழுதவில்லை.

திரைவாசிப்பான் பாவிப்பவருக்கு ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது: வாசித்துக்கொண்டிருக்கும்போதே வரி மறையலாம். அதற்காகப் பலகைக்குக் கீழே “எல்லாச் சொற்களும்” என்ற நிலையான இணைப்பை வைத்தோம். அது அசையாத அகரவரிசைப் பக்கத்துக்குப் போகும். மற்றவர்களும் அதையே அதிகம் சொடுக்குகிறார்கள்.

நாளுக்கு ஆறு

பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. ஆனால் கீஃபிரேம்ஸ் விழுக்காடுகள் ஆறு வரிகளுக்கென்று கணக்கிடப்பட்டவை. வரி கூடினால் பாணித்தாளைத் திருத்த வேண்டும். அது என் முதல் நிபந்தனையை மீறும். ஆகவே இருக்கைகள் ஆறு என்பதை நிலையாக வைத்து, அவற்றில் யார் அமர்வது என்பதை நாள்தோறும் மாற்றினேன்.

பட்டியல் தனி வார்ப்புருவில் இருக்கிறது. கேட்ட எண்ணுக்குரிய வரியை எடுத்துத் தரும் ஸ்விட்ச் என்ற செயற்கூறின் கீழ் பூச்சியத்திலிருந்து வரிசையாக எண்ணிட்ட வரிகள். தலையில் மொத்தம் என்ற ஒரு வரி. புதிய சொல் சேர்ப்பவர் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணில் ஒரு வரி எழுதி, மொத்தத்தில் ஒன்றைக் கூட்டுகிறார். மொத்தத்தைக் கூட்ட மறந்தால் புதிய சொல் பலகைக்கு வராது. வேறு எதுவும் உடையாது. பலகை வார்ப்புரு, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை ஆறால் பெருக்கி, இருக்கையின் எண்ணைக் கூட்டி, மொத்தத்தால் வகுத்து, வரும் மீதியை எடுத்துக்கொள்கிறது. இன்று நின்ற இடத்திலிருந்து நாளை தொடரும். இறுதிக்கு வந்தால் தலைக்குத் திரும்பும். மொத்தம் மாறும் நாளிலும் ஆண்டு பிறக்கும்போதும் தவிர, வரிசை அறுபடாது.

நாளைக் கேட்பதற்கு இரண்டு செயற்கூறுகள் உண்டு. டைம் என்பது உலகப் பொதுநேரத்தைச் சொல்லும். இலங்கை அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், அதைப் பயன்படுத்தினால் சொற்கள் நள்ளிரவில் மாறாமல் காலை 5.30க்கு மாறும். டைம்எல் என்பது தளத்துக்கு அமைத்த உள்ளூர் நேரத்தைச் சொல்லும். தளத்தின் நேர வலயத்தைக் கொழும்பு என்று அமைத்து டைம்எல் செயற்கூறைப் பயன்படுத்தினேன். இந்தச் செயற்கூறுகள் பக்கத்தின் தற்காலிகச் சேமிப்புக் காலத்தைத் தாமே சுருக்கிக்கொள்வதால், நேற்றைய சொற்கள் தேங்கி நிற்பதில்லை. தற்செயலாக ஒன்றைத் தெரிவுசெய்யும் நீட்சிகளும் இருக்கின்றன. அவை சேமிப்பில் உள்ள பக்கத்தோடு மோதும்: பக்கம் மறுபடி உருவாகும் வரை அதே தெரிவு நிற்கும், அல்லது சேமிப்பையே கைவிட வேண்டும். எங்கள் பழைய கணினிக்குச் சேமிப்பு அவசியம்.

சொற்களோடு சில ஆண்டுக் குறிப்புகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட 1867. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் தோன்றிய 1869. ரயில்பாதை நானுஓயாவை அடைந்த 1885, பதுளையை அடைந்த 1924. இவை வரும் நாட்களில் பெரியவர்கள் திரைக்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சிலிருந்தும் புதிய பக்கங்கள் பிறந்திருக்கின்றன.

எட்டு இருக்கை வேண்டுமானால்

பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையிலிருந்து எட்டு வரிப் பலகை கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன். ஒரு சுற்று 64 வினாடி. நூறை எட்டால் வகுக்க 12.5 வரும்; கீஃபிரேம்ஸில் 16.66 இருக்கும் இடத்தில் 12.5, 15.2 இருக்கும் இடத்தில் 11.4, 1.5 இருக்கும் இடத்தில் 1.1. தாமதங்கள் பூச்சியத்தில் தொடங்கி மைனஸ் 56, 48, 40, 32, 24, 16, 8. வார்ப்புருவில் இரண்டு பலகைவரிகள் கூடும். இருக்கை எண்கள் பூச்சியம் முதல் ஏழு வரை. நாளைப் பெருக்கும் எண் எட்டு. கீஃபிரேம்ஸ் விதிக்கு வேறு பெயர் வையுங்கள். எட்டு விளக்கங்களில் மிக நீளமானதே பெட்டியின் உயரத்தை முடிவுசெய்யும் என்பதால், எந்த விளக்கத்தையும் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் நீள விடாதீர்கள்.